டிஎஃப் 100% காட்டுகிறது, டியூ 31 ஜிபிதான் என்கிறது, மீதி இடம் எங்கே?

கேள்வி:
லினக்ஸ் சர்வர், இஎக்ஸ்டி4 (ext4) ஃபைல் சிஸ்டம், ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் முதன்மைப் பகுதி) 50 ஜிபி. டிஎஃப் (df, டிஸ்கில் நிரம்பிய இடத்தைக் காட்டும் கமாண்ட்) போட்டால் 100% நிறைந்துவிட்டது என்கிறது, டியூ (du, ஃபைல்களின் அளவைக் காட்டும் கமாண்ட்) போட்டுக் கூட்டினால் 31 ஜிபியைத் தாண்டவில்லை. /வார்/லாக்கில் இருந்த பெரிய லாக் ஃபைல்களை அழித்தும் ஒரு எம்பி கூட குறையவில்லை. டேட்டாபேஸ் எழுத முடியாமல் நிற்கிறது, இப்போதைக்கு ரீபூட் செய்யவும் வழியில்லை. எங்கே தேடுவது?

பதில் 1:
அழித்தும் இடம் திரும்பவில்லை என்றீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆர்எம் (rm, அழிக்கும் கமாண்ட்) கொடுத்தால் போவது ஃபைலின் பெயர் மட்டும்தான். ஏதாவது ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அதைத் திறந்து வைத்திருக்கும் வரை டிஸ்கில் அது பிடித்திருக்கும் பிளாக்குகள் விடுபடாது. டியூ டைரக்டரி டைரக்டரியாகப் போய்ப் பெயர் உள்ளதை மட்டும் கூட்டும், டிஎஃப் நேராக ஃபைல் சிஸ்டத்திடமே கேட்கும், அதனால்தான் கணக்கு உதைக்கிறது. ரூட்டாக (அட்மின் பயனராக) இருந்து எல்எஸ்ஓஎஃப் +எல்1 (lsof +L1) போடுங்கள், பெயர் போயும் திறந்தே கிடக்கும் ஃபைல்கள் அளவோடும் பிஐடியோடும் (புராசஸ் எண்) வரும். அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். அதுவும் முடியாது என்றால் /ப்ராக்/பிஐடி/எஃப்டி/ (/proc/PID/fd/) என்பதற்குள் எல்எஸ்ஓஎஃப் காட்டிய எண்ணில் உள்ள ஃபைலை ட்ரங்கேட் செய்து (உள்ளே இருப்பதை வெட்டி) அளவை 0 ஆக்கலாம், ஆனால் அது லாக்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். டேட்டாபேஸ்கள் தங்கள் தற்காலிக ஃபைல்களை இப்படிப் பெயர் இல்லாமலும் வைத்திருக்கும், அதில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

பதில் 2:
அதில் எதுவும் சிக்காவிட்டால் மவுண்ட் பாயின்ட்டுக்கு (வேறு டிஸ்க் வந்து இணையும் டைரக்டரிக்கு) அடியில் பாருங்கள். பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் ஸ்கிரிப்ட் ஓடியிருந்தால் எல்லாம் ரூட்டிலேயே எழுதப்பட்டிருக்கும், அப்புறம் டிஸ்க் மேலே வந்து அதை மறைத்துவிடும். ரூட்டை ஒரு காலி டைரக்டரியில் பைண்ட் மவுண்ட் செய்து (அதே ரூட்டை இன்னொரு இடத்திலும் தெரிய வைத்து), அங்கே டியூ போட்டால் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
எல்எஸ்ஓஎஃப்பிலேயே சிக்கியது, வெப் சர்வரின் ஒரே ஆக்சஸ் லாக் 15 ஜிபி. ரீலோட் செய்ததும் இடம் வந்துவிட்டது, ரொம்ப நன்றி. ஆனாலும் இன்னும் 2.5 ஜிபி கணக்கில் வரவில்லையே?

பதில் 1 எழுதியவர்:
அது இஎக்ஸ்டி4 வழக்கமாக ரூட் பயனருக்கென்று ஒதுக்கும் 5%. ரூட் பார்ட்டிஷனில் அதை அப்படியே விடுங்கள், டிஸ்க் நிரம்பினாலும் உள்ளே போய்ச் சரிசெய்ய அந்த இடம்தான் கைகொடுக்கும். லாக்ரொட்டேட்டில் (logrotate, பழைய லாக்குகளை அவ்வப்போது மாற்றி ஒதுக்கும் கருவி) அந்த லாக்குக்கு ஒரு விதி எழுதி, போஸ்ட்ரொட்டேட்டில் (மாற்றியதும் ஓட வேண்டிய கமாண்ட் பகுதி) வெப் சர்வரின் ரீலோடைச் சேருங்கள். அதிலேயே உள்ள காப்பிட்ரங்கேட் (லாக்கை நகலெடுத்துவிட்டு அதே ஃபைலைக் காலி செய்யும் வழி) சுலபம்தான், ஆனால் நகலெடுத்து முடித்து ஃபைலைக் காலி செய்வதற்குள் வரும் சில வரிகள் தொலைந்து போகலாம்.