24 வைத்தும் நடுங்க வைத்த ஏசி

மடிப்பாக்கம்:
போன கத்திரி வெயிலில் நடந்தது. காரில் ஏசியை ஆட்டோ மோடில் (வேகத்தையும் குளிரையும் அதுவே பார்த்துக்கொள்ளும்) 24 டிகிரிக்கு வைத்திருந்தேன். கிண்டியில் ஏறி சோழிங்கநல்லூர் வருவதற்குள் பின் சீட்டில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ப்ளோயர் (காற்றைத் தள்ளும் ஃபேன்) வேகம் குறையவே இல்லை. வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில், "உள் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். கழற்றிக்கூடப் பார்க்கவில்லை!

ஸ்டியரிங் பக்கத்தில் டேஷ்போர்டில் சின்னதாகச் சல்லடை மாதிரி இருக்குமே, அதற்குப் பின்னால்தான் காருக்குள் இருக்கும் சூட்டை அளக்கும் அந்த சென்சார். உள்ளே இருப்பது வெறும் தெர்மிஸ்டர், சூடு ஏறினால் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். காலை நிழலில் மல்டிமீட்டர் வைத்தேன், ஒன்றரை கிலோ ஓம் பக்கம் காட்டியது. (வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவல் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.) ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்ததும் மளமளவென இறங்கியது, ஆறியதும் ஏறியது. சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது.

பிறகுதான் டிஷ்யூ பேப்பரைத் துண்டாகக் கிழித்து, ப்ளோயரை ஓடவிட்டுச் சல்லடை மேல் வைத்தேன். உள்ளிழுத்து ஒட்டியிருக்க வேண்டும். பொத்தென்று மடியில் விழுந்தது. சல்லடை வழியாகக் காற்றை இழுக்க, பின்னால் ஏசி பெட்டிக்குப் போகும் குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கேபின் காற்று சென்சாருக்கு வராமல், வெயிலில் காய்ந்த டேஷ்போர்டின் சூட்டையே அது அளந்திருக்கிறது. மாட்டினேன், அவ்வளவுதான். முன்பு ஸ்டீரியோ மாற்றினவர் கைவேலை என்று சந்தேகம்.

பெரம்பூர்:
அண்ணே, என் வண்டியில குழாய் கிடையாது, குட்டி ஃபேன்தான். அதுல தூசி அடைச்சு 'ங்ஙீ'ன்னு கத்துச்சு. பிரஷ் வச்சு தட்டினதும் பேப்பர் ஒட்டிக்கிச்சு. புதுப்பேட்டைல போய் பழைய சென்சார் வாங்க இருந்தேன், நல்லவேளை.

அண்ணா நகர்:
எனக்கு நேர்மாறு. மே மாதத்தில் வெதுவெதுப்பான காற்று. கேஸ் இரண்டு தடவை நிரப்பினேன், பணம் போனதுதான் மிச்சம். கடைசியில் ஸ்கேனர் (கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போட்டால் காருக்குள் வெப்பநிலை மைனஸில் இருப்பதாகக் காட்டுகிறது! சென்சார் கனெக்டரின் பின் துருப்பிடித்து வயர் தொடர்பே இல்லை. சென்னையில் பனிக்காலம் என்று நம்பி ஹீட்டர் காற்றைக் கலந்திருக்கிறது பாவம்.

பெரம்பூர்:
சார், சென்சாருக்கு வர வேண்டிய 5 வோல்ட் அந்தக் கனெக்டருக்கு வந்துச்சா?

அண்ணா நகர்:
கழற்றி அளந்தேன், வந்தது. பின்னைச் சுரண்டி மாட்டினதும் ஸ்கேனர் 33 டிகிரி காட்டியது.