ஹாட்லி வரலாறு: வீட்டில் கிடக்கும் தாள்களை என்ன செய்வது

அன்புள்ள ஊரவர்களுக்கு,

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் வரலாற்றை எழுதுவோம் என்று எங்கள் பழைய மாணவர் குழுவில் பேச்செழும் போதெல்லாம் ஒரே பட்டியல்தான் வருகிறது. 1838 இல் வெஸ்லியன் மிஷன் பள்ளியைத் தொடக்கியது, 1916 இல் மார்ஷல் ஹாட்லி பாதிரியாரின் பெயர் வந்தது, பூரணம்பிள்ளை அதிபராக இருந்த காலம், 1960 இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. பிறகு பழைய மாணவர்களான கணிதப் பேராசிரியர் எலியேசர், மண் பொறியியலில் பெயர் பெற்ற துணைவேந்தர் துரைராசா. எல்லாம் சரியான செய்திகள், எல்லா நினைவு மலர்களிலும் உள்ளவை. ஆனால் 1950 இல் பிறெப் எஸ்.எஸ்.சி. (எஸ்.எஸ்.சி. சோதனைக்கு முந்திய ஆயத்த) வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், கரவெட்டி, உடுப்பிட்டிப் பக்கமிருந்து சைக்கிளில் வந்தவர்கள் எத்தனை பேர், விடுதியில் எத்தனை பேர், சோதனை எழுதாமலே கடைக்கும் கடலுக்கும் போனவர்கள் எத்தனை பேர் என்று மலரைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாது. பள்ளிக்கூடத்தின் வரலாறு என்றால் முதலில் இதுதான் வேண்டும். அதற்கான தொகுப்புக்குத்தான் உங்கள் வீட்டுத் தாள்களைக் கேட்கிறோம்.

பள்ளியின் நூலகம் 1984 இல் எரிக்கப்பட்டது. 1987 மே மாதம் இராணுவ நடவடிக்கையில் பருத்தித்துறை உள்ளிட்ட வடமராட்சி முழுக்க இடம்பெயர்ந்தது. 1996 க்குப் பிறகு பள்ளியைச் சுற்றி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் இருந்தது. இத்தனைக்கும் தப்பிய தாள்கள் எங்கே இருக்கும்? விசாவுக்கும் வேலைக்கும் என்று பத்திரப்படுத்திக்கொண்டு வந்த பைல்களில்தான், கனடாவின் ஸ்காபரோவிலும் லண்டன் ஹரோவிலும் சிட்னியிலும். "பெறுமதியாக ஒன்றும் இல்லை, பழைய சேட்டிபிக்கற்தான் கிடக்கு" என்று குழுவில் எழுதியவர்கள் தயவுசெய்து அந்தப் பைலைத் திரும்ப எடுங்கள். தேடுவது அதையேதான்.

முதலில், பள்ளியை விடும்போது தரும் விடுகைப் பத்திரம். பெயரையும் திகதியையும் பார்த்துவிட்டு மூடிவைக்கிறோம், ஆனால் சேர்விலக்கம்தான் அதில் முக்கியமானது. அது புதிதாகச் சேர்பவர்களைப் பதியும் சேர்வு இடாப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் எண். 1951 ஜனவரியில் சேர்ந்த ஒருவரின் இலக்கமும் 1952 ஜனவரியில் சேர்ந்த ஒருவரின் இலக்கமும் கிடைத்தால், கழித்துப் பார்த்த தொகை ஏறக்குறைய அந்த ஓராண்டில் புதிதாகச் சேர்ந்தவர்களின் தொகை. இப்படி ஆண்டுக்கு ஒரு பத்திரம் கிடைத்தாலே இடாப்பு கையில் இல்லாமல் பல பத்தாண்டுகளின் வளர்ச்சியைக் கோடு போட்டுக் காட்டலாம். முன்பு படித்த பள்ளி என்ற கட்டமும் இருக்கும். எந்த ஊர்ப் பள்ளியிலிருந்து எந்த வகுப்புக்குப் பிள்ளைகள் வந்தார்கள் என்பது அதில் தெரியும்.

பிழை விடும் இடங்களும் உண்டு. இடாப்புப் புத்தகம் முடிந்து புதியது தொடங்கும்போது சில பள்ளிகளில் இலக்கம் மறுபடி 1 இலிருந்து தொடங்கும். எனவே முந்தியவரின் எண் பெரிதாகவும் பிந்தியவரின் எண் சிறிதாகவும் இருந்தால் பத்திரம் பிழை என்று ஒதுக்கவேண்டாம். இடம்பெயர்ந்து போய்த் திரும்பிவந்து மீளச் சேர்ந்தவருக்கு இரண்டு இலக்கம் இருக்கலாம், இரண்டையும் அனுப்புங்கள். பள்ளியை விட்ட திகதியும் பத்திரம் எழுதிய திகதியும் வேறு வேறு. வெளிநாடு போக எடுத்த பிரதியில் இரண்டுக்கும் பல ஆண்டு இடைவெளி இருக்கும், அடியில் கையெழுத்து வைத்தவர் நீங்கள் படித்தபோது இருந்த அதிபராகவும் இருக்கமாட்டார். கையெழுத்தைப் பார்த்து அதிபர் பட்டியல் போட்டால் இதில்தான் சறுக்கும்.

சோதனைப் பெறுபேற்றுத் தாளில் திகதி அழிந்திருந்தாலும் காலத்தைக் கண்டுபிடிக்கலாம். கேம்பிரிட்ஜ் சீனியர், லண்டன் மற்றிக்குலேசன் என்றால் பழைய தலைமுறை. எஸ்.எஸ்.சி. என்ற பெயர் 1950களில் ஜி.சி.இ. சாதாரண தரம் ஆனது. மேல்வகுப்புச் சோதனையான எச்.எஸ்.சி. போய் உயர்தரம் வந்தது 1960களில். என்.சி.ஜி.இ. (தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ்) என்று இருந்தால் வேலை சுலபம், 1970களின் நடுவில் சில ஆண்டுகள் மட்டுமே நடந்த சோதனை அது. அக்காலக் கல்விச் சீர்திருத்தத்தில் பொதுச் சோதனை ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. அதனால் அக்காலத்தவர் "நான் ஒன்பதில் சோதனை எடுத்தேன்" என்று சொன்னால் நினைவுத் தடுமாற்றம் என்று திருத்திவிடாதீர்கள். சாதாரண தரத்தில் "எட்டு டி" (எட்டுப் பாடத்தில் டிஸ்டிங்ஷன்) என்றால் பழைய முறை, "ஒன்பது ஏ" என்றால் 2000க்குப் பிந்திய முறை.

தாளின் தலைப்பும் உதவும். வெஸ்லியன் என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1932 க்கு முந்தியது, அந்த ஆண்டில் பிரித்தானிய மெதடிஸ்த சபைகள் ஒன்றுசேர்ந்தபின் அந்தப் பெயர் மெல்ல மறைந்தது. சிலோன் என்பது சிறீலங்கா ஆனது 1972 மே 22. ஆனால் தலைப்பை வைத்து ஆண்டை அறுதியாகச் சொல்லக்கூடாது. அச்சடித்து வைத்த கட்டு முடியும்வரை பழைய தாளில்தான் எழுதுவார்கள். கட்டண ரசீதும் அப்படித்தான். 1945 இல் இலவசக் கல்வி வந்துவிட்டதே, ஆகவே ரசீது அதற்கு முந்தியது என்று முடிவெடுத்தால் பிழைக்கும். விளையாட்டு, நூலகம் என்று வசதிக் கட்டணம் அதற்குப் பிறகும் வாங்கினார்கள். எதற்கான கட்டணம் என்று எழுதிய வரியைப் படித்தபின்தான் ஆண்டைப் பற்றி யோசிக்கவேண்டும்.

பரிசுப் புத்தகங்களைப் பலர் மறந்துவிட்டார்கள். அட்டையைத் திறந்தால் உள்ளே ஒட்டிய சிறு சீட்டில் பெயர், வகுப்பு, பாடம், ஆண்டு, அதிபரின் ஒப்பம் இருக்கும். சீட்டில் உள்ள ஆண்டு படித்த ஆண்டா, பரிசளிப்பு விழா நடந்த ஆண்டா என்று கவனியுங்கள். விழா அநேகமாக அடுத்த ஆண்டில்தான் நடக்கும். புத்தகத்தின் பெயர்ப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினால், எந்தக் காலத்தில் எந்த மாதிரிப் புத்தகம் பரிசாகக் கொடுத்தார்கள் என்பதும் பதிவாகும்.

பரிசளிப்பு விழாவில் அதிபர் வாசிக்கும் அறிக்கை அச்சில் யாரிடமாவது இருந்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதை அனுப்புங்கள். மாணவர் தொகை, சோதனைப் பெறுபேறு, வந்த ஆசிரியர், போன ஆசிரியர், ஆய்வுகூடத்துக்கு என்ன வாங்கினார்கள், இல்ல மெய்வல்லுநர் போட்டியில் எந்த இல்லம் முதலிடம், சாரணர் பாசறை எங்கே நடந்தது, எல்லாம் ஓரிடத்தில் கிடைப்பது அதில் மட்டும்தான். அதிலும் ஒரு சிக்கல்: அறிக்கை பேசுவது கடந்த ஆண்டை. அட்டையில் 1958 என்றிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் 1957.

இனிப் படங்கள். ஸ்ரூடியோக்காரர் தடித்த அட்டையில் ஒட்டித் தந்த வகுப்புப் படத்தில் ஓரத்திலோ அடியிலோ ஸ்ரூடியோவின் பெயர் அழுத்தி அச்சாகியிருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். அட்டை வளைந்திருந்தால் ஸ்கானர் மூடியால் அமர்த்தவேண்டாம், படத்தின் மேற்படலம் வெடித்துவிடும். யன்னலோரம் நேர் வெயில் படாத இடத்தில் படுக்கவைத்து, பிளாஷ் இல்லாமல், தொலைபேசியைப் படத்துக்குச் சமாந்தரமாகப் பிடித்து எடுங்கள். தட்டையான படத்தை ஸ்கானரில் 600 டிபிஐயில் எடுக்கலாம், தீப்பெட்டி அளவுப் படத்துக்கு 1200 வேண்டும். பின்பக்கத்தில் ஒரு சொல்தான் இருந்தாலும் அதையும் எடுங்கள். பெயரெழுதப் பென்சில் மட்டும், பேனை மை முன்பக்கம் ஊறிவிடும். பசைத்தாள் அல்பத்தில் ஒட்டிப்போனதைப் பிய்க்கவேண்டாம், பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்தின் கீழே மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால் பக்கத்தோடு எடுத்தால் போதும்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கடைசி வரிசைப் பையன்களின் முகம் கரைந்துபோகும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். சேட்டிபிக்கற்றை இனிமேலாவது லமினேற் செய்யவேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைத் தாளைக் கிழிக்காமல் பிரிக்க வழியில்லை, ஸ்கானரிலும் பளபளத்து எழுத்தை மறைக்கும். ஏற்கனவே செய்ததை ஸ்கானரில் போடாமல், வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்துப் படமெடுங்கள். பைலுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, வகுப்பு, பொருள் என்ற ஒழுங்கில்: 1963, எச்.எஸ்.சி., வகுப்புப் படம். ஆண்டு நிச்சயமில்லை என்றால் 1963 அளவில் என்று வையுங்கள்.

விடுகைப் பத்திரத்தில் பிறந்த திகதியும் பெற்றோர் விபரமும் இருக்கும். அதைக் குழு முழுவதற்கும் போடவேண்டாம், தொகுப்பாளருக்குத் தனிமடலில் அனுப்புங்கள். உங்கள் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தோடு அந்தத் திகதி ஒத்துவராவிட்டாலும் உள்ளதை உள்ளபடி விடுங்கள். அக்காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் குறைத்துச் சொன்ன வீடுகள் ஏராளம், அதுவும் ஒரு செய்திதான்.

தாளில் வராத பகுதி மாணவ வாழ்க்கை. "அந்தக் காலம் பொற்காலம்" என்று எழுதினால் தொகுப்புக்குப் பயன்படாது. முதல் மணி எத்தனைக்கு அடித்தது, பாடவேளை எத்தனை நிமிடம், இடைவேளையில் எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கினீர்கள், விடுதியில் புதன் இரவு என்ன சாப்பாடு, படிப்பு நேரத்தில் லாம்பா மின்சாரமா, செயன்முறை வகுப்பில் ஒரு தராசுக்கு எத்தனை பேர், காலைக் கூட்டத்தில் சைவப் பிள்ளைகள் எங்கே நின்றார்கள், மாணவ முதல்வர் கொடுக்கக்கூடிய தண்டனை எதுவரை என்று எழுதுங்கள். வீட்டில் எண்பது கடந்தவர்கள் இருந்தால், பொதுவாக "சொல்லுங்கோ ஐயா" என்று கேட்டால் பத்துத் தரம் சொன்ன கதைதான் வரும். வகுப்புப் படத்தை முன்னால் வைத்து, இருக்கும் வரிசையில் இடப்பக்கமிருந்து ஒவ்வொருவராக விரலை வைத்துக் கேளுங்கள். பெயர், ஊர், பிறகு என்னவானார் என்ற மூன்றும் தன்பாட்டில் வரும். சொல்வதைத் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள், எழுதிக்கொண்டிருந்தால் அவர் உங்களுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசத் தொடங்கிவிடுவார். இரண்டு பேர் ஒரே முகத்துக்கு வேறு பெயர் சொன்னால் இரண்டையும், சொன்னவர் யார் என்பதையும் குறித்து அனுப்புங்கள். வேறு வகுப்புக்காரரிடமிருந்து வரும் படத்தோடு வைத்துப் பார்த்துத் தீர்க்கலாம்.

மெதடிஸ்த பெண்கள் பள்ளியில் படித்த அக்காமாரும் தங்கள் பத்திரங்களை அனுப்பவேண்டும். அண்ணன் ஒரு மதிலுக்கு இந்தப் பக்கமும் தங்கை அந்தப் பக்கமுமாகப் படித்த வீடுகளில் இரண்டு பள்ளியின் தாள்களும் ஒரே பைலில்தான் கிடக்கும், பிரித்து வைக்கும் முன்பே படமெடுத்துவிடுங்கள்.