அட்டைக்கடியும் அஸ்பிரினும்: ராத்திரி போட்டால் காலையில் போய்விடுமா?

கொழுந்துக்காரி மகள்:
அம்மா பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து பறிக்கிறார். இதயத்துக்காகத் தினமும் 75 மில்லிகிராம் அஸ்பிரின் போடுகிறார். போன கிழமை மழையில் அட்டை கடித்து, மத்தியானம் கொழுந்து நிறுக்கும் வரை கணுக்காலில் இரத்தம் நிற்கவில்லை. கட்டின துணி இரண்டு தடவை நனைந்துவிட்டது. குளிசையை ராத்திரிக்கு மாற்றினால் விடியும்போது மருந்து உடம்பை விட்டுப் போயிருக்கும் என்கிறார் மாமா. சரியா?

டிக்கோயா தம்பி:
மாமா சொல்வது சரி. அஸ்பிரின் இரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 20 நிமிஷம்தான். இல்லாத மருந்து எப்படி வேலை செய்யும்?

நோர்வூட் மருந்துக்கடை:
தம்பி, 20 நிமிஷம் சரி, முடிவுதான் பிழை. அஸ்பிரின் போகிறது, ஆனால் போகும்முன் தன் அசற்றைல் துண்டைக் கழற்றி, சிறுதட்டுக்குள் (இரத்தம் நிற்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் சின்ன இரத்தக் கலம்) இருக்கும் கொக்ஸ் நொதியத்தின் 530ஆவது அமினோ அமிலமான செரீனில் ஒட்டிவிடுகிறது. அதோடு நொதியத்தின் வழி அடைபட்டது. திரொம்பொக்சேன் உருவாகாது. ஒரு சிறுதட்டு மற்றதைக் கூப்பிட அனுப்பும் முக்கியமான செய்தி அது. வேறு கலம் என்றால் புது நொதியம் செய்துகொள்ளும். சிறுதட்டுக்குக் கரு கிடையாது, பாவம், சாகும்வரை 8, 10 நாள் அப்படியே கிடக்கும். பனடோல் இப்படி ஒட்டாது, அதனால்தான் சில மணி நேரத்தில் மறுபடி போட வேண்டியிருக்கிறது.

டிக்கோயா தம்பி:
அப்போ பழி எல்லாம் குளிசைக்கா? நான் ஒரு குளிசையும் போடாதவன். என்னை அட்டை கடித்தாலும் சாரம் நனைகிறதே!

நோர்வூட் மருந்துக்கடை:
நல்ல கேள்வி. அது அட்டையின் எச்சில். குளத்து மருத்துவ அட்டையிடம் ஹிருடின் இருக்கிறது. நம் மலை அட்டையின் சொந்தக்கார அட்டை ஒன்றில் ஹீமாடின் என்று ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். இரண்டும் இரத்தத்தை உறையவைக்கும் திரொம்பின் என்ற நொதியத்தைப் பிடித்துக்கொள்ளும். திரொம்பின் இல்லாமல், சிறுதட்டுகளைக் கட்டிப்பிடிக்கும் பைபிரின் இழை வராது. தோட்டத்துக் கல் அணையை நினைத்துப் பாருங்கள்: அஸ்பிரின் கல் சேரவிடாது, அட்டை சாந்து பூசவிடாது. அக்காவின் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாக நடந்திருக்கிறது. ஹிருடினைப் பார்த்தே பிவாலிருடின் என்று இதய ஊசி மருந்து செய்தார்கள், தெரியுமா?

லயத்துத் தாத்தா:
இவ்வளவு கதை எதுக்கு? மழை முடியும்வரை குளிசையை நிறுத்தச் சொல்லு பிள்ளே.

கொழுந்துக்காரி மகள்:
வேண்டாம் தாத்தா. கேட்காமல் நிறுத்தினால் இதயக் குழாயில் இரத்தம் உறையலாம் என்று கிளினிக்கில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

டிக்கோயா தம்பி:
ஒரு சந்தேகம். உடம்பு தினமும் பத்தில் ஒரு பங்கு சிறுதட்டைப் புதிதாகச் செய்கிறதே. அதுகள் மருந்து படாததுதானே?

நோர்வூட் மருந்துக்கடை:
ஆமாம், அதைப் பிடிக்கத்தான் தினம் ஒரு குளிசை. 75 போதுவதும் அதனால்தான். எந்த நேரம் போட்டாலும் பழைய தட்டுகள் அடைபட்டபடியேதான். நேரம் மாற்றுவதையும் இரத்தம் நிற்காததையும் அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள் அக்கா.

கொழுந்துக்காரி மகள்:
சரி. மாமாவிடம் சொன்னேன். “ஒட்டினது கழறாதா? அப்படி என்ன பசை?” என்று கேட்கிறார். அம்மா இன்றைக்குக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.