டெக்ஸாஸ்: 250 டாலருக்குள்ள சின்ன பிஸ்டல், தினமும் இடுப்புல வச்சுக்க. டாரஸ் ஜி2சி எடுக்கலாமா?

இர்விங்_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். கோயம்புத்தூர்ல இருந்து இர்விங் வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. போன வாரம் அபார்ட்மென்ட் பார்க்கிங்ல என் கார் கண்ணாடிய உடைச்சு லேப்டாப் பையைத் தூக்கிட்டாங்க. அடுத்த ரெண்டு நாள்ல கீழ் வீட்டுக் கதவை எவனோ உதைச்சுத் திறந்திருக்கான். எனக்கு சில நாள் ராத்திரி ஆபீஸ்ல இருக்க வேண்டி வரும், வைஃப் தனியா இருப்பா. ரெண்டு பேருக்கும் தூக்கமே இல்ல. கூட வேலை பார்க்கிற அமெரிக்கர் ஒருத்தர் "டாரஸ் ஜி2சி வாங்கு, விலை கம்மி, பேன்ட்டுக்குள்ள சொருகினா வெளிய தெரியாது"ன்னார். சேல் ஞாயித்துக்கிழமையோட முடியுது. நம்பி எடுக்கலாமா? ஜாம் ஆகுமா? சட்டைக்கு மேல துருத்திக்கிட்டுத் தெரியுமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

ஆஸ்டின்_9எம்எம்:
ப்ரோ, கண்ணை மூடிட்டு எடுங்க. நானும் அதுதான் வச்சிருக்கேன். 9 எம்எம் குண்டு, 12 ரவுண்டு பிடிக்கிற மேகசின், பேரல் (குழல்) 3.2 இன்ச், குண்டு போடாம சுமார் 22 அவுன்ஸ், அதாவது 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல. கட்டைவிரலுக்கு சேஃப்டி பட்டன் இருக்கு, புதுசா கத்துக்கிறவங்களுக்கு அது ஒரு தைரியம். ட்ரிக்கர் மட்டும் பழகணும். ஆரம்பத்துல எதிர்ப்பே இல்லாம ரொம்ப தூரம் வரும், அப்புறம் ஒரு இடத்துல கெட்டியா நிக்கும், அதைத் தாண்டினாத்தான் வெடிக்கும். குண்டு வெடிக்கலன்னா மேல இருக்கிற ஸ்லைடை பின்னால இழுக்காமலே இன்னொரு தடவை ட்ரிக்கரை அழுத்திப் பார்க்கலாம், இந்த விலைல அது பெரிய விஷயம். பிடி சொரசொரன்னு இருக்கும், பனியன் போடாம இடுப்புல வச்சா தோல் சிவந்துடும். ஜாமா? எனக்கு இல்ல.

ரவாதோசை_சுகர்லேண்ட்:
"கண்ணை மூடிட்டு" வாங்குற பொருளா இது? டாரஸ் கம்பெனி 2015-ல ஒரு பெரிய வழக்குல சமரசம் பண்ணிக்கிச்சு. பழைய பிடி-111 மில்லினியம் உட்பட ஒன்பது மாடல், கீழ விழுந்தா தானா வெடிக்கலாம்னு புகார். ஜி2சி அந்தப் பட்டியல்ல இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா உயிரை நம்பி வைக்கிற இடத்துல எதுக்கு 200 டாலர் மிச்சம் பிடிக்கணும்? சிக் பி365 பாருங்க. 2018-ல வந்தது, கைக்குள்ள அடங்குற சைஸ்ல 10 ரவுண்டு. காசு இல்லன்னா ஒரு பழைய கிளாக் 19 எடுங்க.

ஆஸ்டின்_9எம்எம்:
கிளாக் 19-ஐ ஒல்லியான நம்ம பசங்க சட்டைக்குள்ள மறைச்சுக் காட்டுங்க பார்ப்போம். அவர் கேட்டது 250-க்குள்ள. நீங்க சொல்றது அதுக்கு ரெண்டு மடங்கு.

ரவாதோசை_சுகர்லேண்ட்:
அப்ப ரூகர் எல்சிபி வாங்கச் சொல்லுங்க, 10 அவுன்ஸ் கூட வராது, வேட்டி மடிப்புல கூட நிக்கும். சுட்டா மட்டும் உள்ளங்கை விண்ணுனு வலிக்கும். சின்ன துப்பாக்கின்னா சுலபம்னு நினைக்கிறாங்க, அது நேர் எதிர். எடை குறைஞ்சா உதைப்பு கூடும், பேரல் குட்டையானா குறி தப்பும்.

ஃப்ரிஸ்கோ_மாமா:
தம்பி, முதலில் மூச்சு விடுங்கள். நான் 1999-ல் மினியாபொலிஸில் வந்து இறங்கியபோது கையில் கோட்டுகூட இல்லை. ஜனவரி மாதம். பஸ்ஸுக்கு நின்றால் மூக்கு மயிர் உறைந்து குத்தும். கூட்டி வந்த கன்சல்டிங் கம்பெனி ஒரே வீட்டில் எட்டுப் பேரை அடைத்து வைத்திருந்தது. ப்ராஜெக்ட் இல்லை, சம்பளம் இல்லை, ஊருக்குப் போன் பேச காலிங் கார்டு. அப்போது எங்களிடம் துப்பாக்கியா இருந்தது? ஒரு ரைஸ் குக்கர்தான் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வந்த மூன்றாம் மாதமே ஆயுதம் கேட்கிறீர்கள். நல்ல ஏரியாவுக்கு வீடு மாற்றுங்கள், எல்லாம் சரியாகும்.

இர்விங்_புதுசு:
மாமா, லீஸ் ஒரு வருஷம். இப்ப உடைச்சா ரெண்டு மாச வாடகை கட்டணுமாம்.

காஸ்_ஸ்டேஷன்_நைட்:
ஹூஸ்டன் பக்கத்துல காஸ் ஸ்டேஷன்ல ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவன் சொல்றேன். முகமூடி போட்ட ஒருத்தன் கண்ணாடிக் கதவைத் தள்ளிட்டு வந்தான். கவுன்ட்டருக்குக் கீழ ஓனரோட துப்பாக்கி இருந்துச்சு, என் முட்டில இடிக்கிற தூரம். அவன் கையில இருந்தது ஏற்கனவே என் நெஞ்சைப் பார்த்துட்டு இருந்துச்சு. டிராயரைத் திறந்து கொடுத்தேன், அள்ளிட்டுப் போயிட்டான். லாட்டரி டிக்கெட்டையும் எடுத்துட்டான், அதுக்குத்தான் ஓனர் என்னைத் திட்டினார். எந்த மாடல்ங்கிறது அப்புறம். அந்த நேரத்துல எடுக்க முடியுமா, அதை யோசிங்க.

யாழ்_ஸ்காபரோ:
நான் கனடாவிலை இருக்கிறன், சொல்லலாமோ தெரியேல்லை. இஞ்சை 2022 ஒக்டோபரிலை இருந்து புதுசாக் கைத்துவக்கு வாங்கவும் ஏலாது, விக்கவும் ஏலாது. நாங்கள் துவக்கோடை வளந்த ஊர் ஆக்கள், அதுகளை விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். நீங்கள் என்னெண்டா போய்ச் சேர்ந்த கையோடை விலை கேக்கிறியள். கோவிக்காதேங்கோ தம்பி, ஆனா வீட்டிலை ஒண்டு இருந்தா நித்திரை வரும் எண்டு நினைக்காதேங்கோ. இருக்கிற நித்திரையும் போம்.

ஆஸ்டின்_9எம்எம்:
அண்ணா, இது டெக்ஸாஸ். 2021 செப்டம்பர் 1-ல இருந்து 21 வயசு ஆனவங்களுக்கு லைசென்ஸே இல்லாம மறைச்சு எடுத்துட்டுப் போக அனுமதி. இங்க சட்டம் வேற.

ப்ளானோ_அக்கா:
எல்லாரும் ஒரு நிமிஷம் நிறுத்துங்க. புதுசுத் தம்பி, நீங்க என்ன விசா? எச்-1பியா, எல்-1ஆ, கிரீன் கார்டா, சிட்டிசனா? அதைச் சொல்லாம இங்க யார் எந்த மாடல் சொன்னாலும் வீண்.

இர்விங்_புதுசு:
எச்-1பி வேலை விசா அக்கா. வைஃப் அதைச் சார்ந்த எச்-4. ஏன் கேக்கிறீங்க? ஆன்லைன்ல காசு கட்டிட்டேன். சனிக்கிழமை கடைல போய் வாங்கணும். கடைல ஏதாவது பிரச்சனைன்னா தன் பேர்ல வாங்கித் தரேன்னு ஆபீஸ் நண்பர் சொல்லியிருக்கார்.

ப்ளானோ_அக்கா:
வாங்காதீங்க. கடைக்கே போகாதீங்க.

டெக்ஸாஸ்ல என்ன சுதந்திரம் இருந்தாலும் அதுக்கு மேல நாடு முழுக்கச் செல்லுற ஃபெடரல் சட்டம் இருக்கு. எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 மாதிரி தற்காலிக விசால வந்தவங்க துப்பாக்கியோ குண்டோ வச்சிருக்கக் கூடாது. வாங்குறது மட்டும் இல்ல, கையில வச்சிருக்கிறதே குற்றம், சுட்டுப் பழகுற ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுடுறது உட்பட. 2022-ல இருந்து அதிகபட்ச தண்டனை 15 வருஷம். தீர்ப்பு வந்தா நாடு கடத்துறதுக்கு அதுவே காரணம். கடைல 4473-னு ஒரு ஃபார்ம் தருவாங்க, அதுல தற்காலிக விசால வந்தீங்களான்னு நேராவே கேள்வி இருக்கு. "இல்லை"ன்னு டிக் பண்ணினா பொய் சொன்னது தனிக் குற்றம்.

உங்க நண்பர் நல்ல மனசோட சொல்லியிருக்கலாம். ஆனா அவர் உங்களுக்காகத் தன் பேர்ல வாங்கினா அவரும் மாட்டுவார். "நிஜமா வாங்குறது நீங்கதானா"ன்னு அதே ஃபார்ம்ல கேட்டிருக்கும்.

கேட்டி_பாஸ்:
அக்கா, பயமுறுத்தாதீங்க. எச்-1பிக்கும் வழி இருக்கு. ஆன்லைன்ல வேட்டை லைசென்ஸ் எடுத்துட்டா போதும், கடைக்காரன் கொடுத்துடுவான். எங்க டீம்லயே ரெண்டு பேர் அப்படித்தான் வாங்கினாங்க.

ப்ளானோ_அக்கா:
அந்த விலக்கு சட்டத்துல இருக்கு, பொய் இல்ல. ஆனா டெக்ஸாஸ் வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓட காலாவதி ஆகும். செப்டம்பர் 1 காலைல புதுப்பிக்க மறந்தீங்கன்னா, அலமாரில தூங்குற துப்பாக்கி குற்றமாயிடும். வேட்டைக்குன்னு எழுதின விலக்கை வச்சு வருஷம் முழுக்க இடுப்புல சொருகிட்டு சுத்துறதை ஒரு போலீஸ்காரர்கிட்டயும் அப்புறம் இமிகிரேஷன் ஆபீசர்கிட்டயும் விளக்கிட்டு நிக்கணும். ரெண்டு பேர் மாட்டலங்கிறது சட்டம் இல்ல. மான் வேட்டைல நிஜமா ஆசை இருந்தா இமிகிரேஷன் வக்கீல்கிட்ட எழுத்துல வாங்கிட்டுப் பண்ணுங்க. கடைக்காரர் வக்கீல் இல்ல.

ரவாதோசை_சுகர்லேண்ட்:
வரி மட்டும் சிட்டிசன் மாதிரி கட்டணும். பென்ஷனுக்குன்னு சோஷியல் செக்யூரிட்டி பிடிப்பாங்க, வயசான கால வைத்தியத்துக்குன்னு மெடிகேர் பிடிப்பாங்க. திருடன் வந்தா மட்டும் நாம தற்காலிகம்.

ஃப்ரிஸ்கோ_மாமா:
கிரீன் கார்டுக்கு ஈபி-2 வரிசையில் நான் நின்ற காலத்தை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. லேபர் சான்றிதழ் ஒரு முறை, வேலை மாறியதால் மறுபடி லேபர். மகனுக்கு 21 வயது நெருங்கிவிட்டது, அவன் வரிசையை விட்டு விழுந்துவிடுவானோ என்று நானும் என் மனைவியும்...

காஸ்_ஸ்டேஷன்_நைட்:
மாமா, உங்களுக்கு வரிசையாவது இருந்துச்சு. 2021 பிப்ரவரி பனிப்புயல்ல கரண்ட் போனப்போ எங்க அபார்ட்மென்ட்ல குழாய் வெடிச்சு மாடிப்படில பனி. மேனேஜ்மென்ட் போனையே எடுக்கல. வாடகை நோட்டீஸ் மட்டும் கரெக்டா ஒண்ணாம் தேதி கதவுல ஒட்டிட்டான்.

கேட்டி_பாஸ்:
எங்க மேனேஜ்மென்ட் குப்பைக்கு, எலி மருந்துக்கு, பேக்கேஜ் லாக்கருக்குன்னு தனித்தனியா வாங்குறான். லாக்கர்ல இருந்தே பேக்கேஜ் காணாமப் போகுது.

இர்விங்_புதுசு:
அக்கா, கை நடுங்குது. காசு கட்டினதே தப்பாயிடுச்சா? இப்ப என்ன பண்றது?

ப்ளானோ_அக்கா:
காசு கட்டினது குற்றம் இல்ல, பொருள் இன்னும் உங்க கைக்கு வரல. நாளைக்குக் காலைல கடைக்குப் போன் பண்ணி ஆர்டரை ரத்து பண்ணுங்க. கொஞ்சம் பிடிச்சுக்குவாங்க, போகட்டும். ஃபார்ம் எதுவும் நிரப்பாதீங்க. நண்பர்கிட்ட நன்றி சொல்லி வேண்டாம்னு எழுத்துல அனுப்பிடுங்க.

அப்புறம் ஒண்ணு யோசிங்க. உங்க பயம் வைஃப் வீட்ல தனியா இருக்கிறது. துப்பாக்கி உங்க இடுப்புல இருந்தா அவங்களுக்கு என்ன லாபம்? பல ஆபீஸ்ல உள்ள கொண்டுவர விடமாட்டாங்க, அப்ப நாள் முழுக்க அது கார்ல கிடக்கும். உங்க கார் கண்ணாடிய ஏற்கனவே ஒருத்தன் உடைச்சிருக்கான். அடுத்த தடவை அவன் லேப்டாப்புக்குப் பதிலா துப்பாக்கியோட போவான்.

கதவைப் பாருங்க. டெக்ஸாஸ் சட்டப்படி வாடகை வீட்டு வெளிக்கதவுல, சாவி இல்லாம உள்ள இருந்து போடுற தாழ்ப்பாள் ஒண்ணும், வெளிய யாருன்னு பார்க்கிற துளையும் ஓனர் வச்சுக் கொடுத்தே ஆகணும். பால்கனி சறுக்குக் கதவுக்கு ஆணி மாதிரி செருகுற பின் பூட்டு, ஜன்னலுக்குக் கொக்கி, அதுவும் அவர் பொறுப்பு. பழைய குடித்தனக்காரர் போய் நீங்க குடி வந்து ஏழு நாளைக்குள்ள பூட்டுச் சாவி மாத்தியிருக்கணும், மாத்தினாங்களான்னு கேளுங்க. எல்லாம் ஈமெயில்ல. போன்ல கேட்டா கேட்ட மாதிரியே இருக்காது. தாழ்ப்பாள் நாக்கு போய் விழுற தகட்டை மூணு இன்ச் ஸ்க்ரூ போட்டு மாத்திக் கொடுக்கச் சொல்லுங்க. உதைச்சா பெயர்ந்து வர்றது பெரும்பாலும் பூட்டு இல்ல, குட்டை ஸ்க்ரூல நிக்கிற அந்தத் தகடுதான்.

போலீஸ் ரிப்போர்ட் போட்டாச்சா? வாடகைக்கு இருக்கிறவங்க எடுக்கிற ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் இருந்தா கார்ல திருடு போன பொருளுக்கு அதுல கேக்கலாம், லேப்டாப் ஆபீஸோடதுன்னா இன்னைக்கே அவங்ககிட்டயும் சொல்லிடுங்க. கண்ணாடிக்கு மட்டும் கார் பாலிசில திருட்டு, உடைப்புக்கான காம்ப்ரஹென்சிவ் இருக்கணும்.

ஆஸ்டின்_9எம்எம்:
விசா விஷயம் எனக்குத் தோணவே இல்ல அக்கா, நான் கிரீன் கார்டுக்கு அப்புறம்தான் வாங்கினேன். அவருக்கும் கிரீன் கார்டு வந்துட்டா ஜி2சி ஓகேதானே? ரவாதோசை அண்ணன் கேக்கட்டும்.

ப்ளானோ_அக்கா:
நானும் கிரீன் கார்டு வந்தப்புறம்தான் எடுத்தேன். ரேஞ்சுல ஜி2சியையும் பி365-ஐயும் பக்கத்துல பக்கத்துல வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். ஜி2சி மோசம் இல்ல, முதல் தோட்டாவுக்கும் ரெண்டாவதுக்கும் ட்ரிக்கர் ஒரே மாதிரி இல்லாததுதான் எனக்கு ஒத்து வரல. 250 டாலர்ங்கிறது கணக்கே இல்ல தம்பி. ட்ரிக்கரை முழுசா மூடுற கெட்டி உறை, பழக ஒரு மூட்டைக் குண்டு, பாதுகாப்புக்கு வேற குண்டு, வீட்ல பூட்டி வைக்க சின்னப் பெட்டி, இதெல்லாம் சேர்ந்தா துப்பாக்கி விலையைத் தொட்டுடும். வைக்கப்போற குண்டையே இருநூறு சுட்டுப் பார்த்து ஒரு தடவைகூட சிக்காம இருந்தாத்தான் இடுப்புல வைக்கணும். இடுப்புன்னு சொல்றாங்க, சுடிதாருக்கு ஏது பெல்ட்? வயித்துல சுத்துற பட்டை போட்டுத்தான் நான் வைக்கிறேன், உட்கார்ந்து எந்திரிச்சா நழுவும். வெயில்ல வேர்த்துக் கொட்டும். எங்க ஹாஸ்பிடல்ல அனுமதி இல்ல, அதனால வேலை நாள்ல வீட்டுப் பெட்டிலதான் இருக்கு. "தினமும்"ங்கிறது பாதி பேருக்கு அப்படித்தான்.

இன்னொண்ணு, லைசென்ஸ் தேவையில்லன்னு விட்டுடாதீங்க. ஸ்கூலைச் சுத்தி 1,000 அடிக்கு ஃபெடரல் தடை இருக்கு, அந்த ஸ்டேட் லைசென்ஸ் வச்சிருந்தா விலக்கு. ப்ளானோல ஸ்கூலைத் தாண்டாம பால் வாங்கக் கூடப் போக முடியாது. கோவில், கடை வாசல்ல துப்பாக்கியோட வரக் கூடாதுன்னு 30.05, 30.06, 30.07னு சட்டப் பிரிவு எண் போட்ட பலகை இருந்தா எது எதுக்குன்னு லைசென்ஸ் க்ளாஸ்ல சொல்லித் தருவாங்க. குழந்தை வந்தா இன்னும் கவனம், குண்டு போட்டதைப் பூட்டாம விட்டு அது 17 வயசுக்குக் கீழ உள்ளவங்க கைக்குப் போயிட்டா அதுவும் இங்க குற்றம்.

ரவாதோசை_சுகர்லேண்ட்:
கூடவே ஊர் எல்லை தாண்டும்போது பார்த்துக்கணும். நியூ ஜெர்சில இருக்கிற மச்சான் வீட்டுக்கு டெக்ஸாஸ் லைசென்ஸை நம்பி எடுத்துட்டுப் போனா நேரா உள்ளதான்.

இர்விங்_புதுசு:
கடைல பேசிட்டேன். ரத்து பண்ணிட்டாங்க, 25 டாலர் பிடிச்சுக்கிட்டாங்க. நண்பர்கிட்டயும் சொல்லிட்டேன், அவருக்கே இது தெரியாதாம். லீசிங் ஆபீஸுக்கு ஈமெயில் போட்டாச்சு. எங்க கதவுல துளை இருக்கு, உள்தாழ்ப்பாள் இல்ல. இன்னொரு கேள்வி அக்கா: வைஃப் பெப்பர் ஸ்ப்ரே வச்சுக்கலாமா? அதுக்கும் விசா பார்ப்பாங்களா?

ப்ளானோ_அக்கா:
தற்காப்புக்குன்னு கடைல விக்கிற சின்ன பாட்டில் டெக்ஸாஸ்ல தாராளமா வச்சுக்கலாம், அந்தத் துப்பாக்கிச் சட்டம் இதுக்குக் கிடையாது. ஜெல்லா இருக்கிறதா வாங்குங்க, வீட்டுக்குள்ள அடிச்சா தன் கண்ணுக்கே திரும்பாம இருக்கும். காலாவதி தேதி பாருங்க. ஊருக்குப் போறப்ப ஹேண்ட்பேக்ல மறந்து வச்சு ஏர்போர்ட்ல நிக்காம இருக்கச் சொல்லுங்க. நீங்க வராத ராத்திரிக்கு அவங்க எங்க வீட்டுக்கு வரலாம், இர்விங்ல இருந்து அரை மணி நேரம்தான். தனி மெசேஜ்ல நம்பர் அனுப்புங்க.