புல்லுக்குள் மறையும் குருவிகளைக் கணக்கெடுத்தபோது

தெகிவளைவாசி:
ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் கண்ட ஒரு பறவை இன்னும் என் மனத்தைக் குடைந்துகொண்டிருக்கிறது. கொழும்புக்கு அருகிலுள்ள பெல்லன்வில-அத்திடிய சதுப்பில் கொக்குகளை எண்ணி முடித்து, எருமைகள் மேய்ந்து கட்டையாகிப்போன புல்தரை வழியே திரும்பினோம். என் காலடியிலிருந்து பழுப்புப் பறவையொன்று ‘ஷ்ரீப்’ என்ற கரகரத்த குரலுடன் எழும்பித் தாழ்வாகப் பறந்து, இறங்குமுன் புல்லுக்கு மேலே சிறகடித்தபடி ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பின்னர் உள்ளே விழுந்து மறைந்தது. வாலோரத்து வெள்ளையும் தெளிவாகத் தெரிந்தது. புல்தரையில் இரை தேடும் சிறு பறவையான ரிச்சர்ட் நெட்டைக்காலி (Richard's Pipit) என்றேன். படிவம் வைத்திருந்தவரோ, நீர்ப்பறவை அல்லாததற்கு இதில் இடமில்லை என்று பேனாவை மூடிவிட்டார்.

கொட்டாஞ்சேனைக்காரர்:
வாலோரத்து வெள்ளை, ஆண்டு முழுவதும் நம்மோடு வாழும் வயல் நெட்டைக்காலிக்கும் உண்டு. அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. ரிச்சர்ட் நெட்டைக்காலி குளிர்காலத்தில் மட்டும் வந்துபோகும் விருந்தாளி. உருவத்தில் சற்றுப் பெரியது, நிமிர்ந்து நிற்கும். நிற்பதைத்தான் நீங்கள் பார்க்கவில்லையே! முத்துராஜவெலச் சதுப்புப் பக்கம் எனக்கும் இப்படியொன்று எழும்பியது. ‘நெட்டைக்காலி, இனம் உறுதியில்லை’ என்றே எழுதினேன்.

தெகிவளைவாசி:
வாலை விட்டுவிடுவோம். வயல் நெட்டைக்காலியின் ‘சிப் சிப்’ என்ற மெல்லிய குரலை எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மைதானத்தில் நாள்தோறும் கேட்கிறேன். நான் கேட்டது அதுவல்ல.

வெள்ளவத்தை ஆசிரியை:
மகளைப் பார்க்க அமெரிக்காவின் ஹியூஸ்டன் போயிருந்த டிசம்பரில், அங்குள்ளவர்களின் நத்தார்ப் பறவைக் கணக்கெடுப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். நத்தார் வேட்டைக்கு மாற்றாக ஃபிராங்க் சாப்மன் 1900இல் தொடக்கிவைத்த வழக்கம் அது. 24 கிலோமீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததுமான எல்லாப் பறவைகளையும் எண்ணுவார்கள். ஆகவே தெகிவளைவாசிக்கு நேர்ந்தது அங்கே நேர்ந்திராது. அங்கே கண்ட லெகொண்ட் சிட்டு (LeConte's Sparrow) என்ற புல்வெளிக் குருவி, மிதிபட்டுவிடுமோ என்னும் அளவுக்கு நெருங்கும்வரை எழும்புவதில்லை. எழும்பினாலும் சிறிது தூரத்தில் புல்லுக்குள் விழுந்து எலி போல ஓடிவிடும். ஒன்று மட்டும் காய்ந்த தண்டொன்றில் ஏறி நின்றது. செம்மஞ்சள் முகம், சாம்பல் கன்னம், விலாவில் மெல்லிய கருங்கோடுகள். பக்கத்தில் நின்ற முதியவர் தொலைநோக்கியை உயர்த்துவதற்குள் போய்விட்டது. அவருக்காக இப்போதும் வருந்துகிறேன்.

கேளாமலே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குருவி விழுந்த இடத்துக்கு நேரே ஓடாதீர்கள், அது அங்கே இருக்காது. ஒருவர் அந்த இடத்தின் மீதே கண்ணை வைத்து நிற்க, மற்றவர்கள் சுற்றிப்போய் மறுபுறத்திலிருந்து மெல்ல வர வேண்டும். அகல வரிசையாக நடக்கும்போது, முன்னால் எழும்பி முன்னாலேயே விழுந்ததை எண்ணாமல், வரிசையைக் கடந்து பின்னால் போனதை மட்டும் எண்ணினால் ஒரே குருவியை இருமுறை எழுத நேராது. கயிற்றை இழுத்துப் புல்லை அலைக்கும் முறையை மட்டும் நம் சதுப்பில் கையாள வேண்டாம். கதிர்க்குருவிகள் எந்த மாதத்திலும் அங்கே கூடு வைத்திருக்கக்கூடும். நீர்ப்பறவைப் படிவத்தோடு வெறுந்தாளொன்றையும் எடுத்துப்போய், கேட்ட குரலை அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். வீடு வந்து பதிவொலிகளைக் கேட்ட பிறகு எழுதினால், கொட்டாஞ்சேனைக்காரர் நிச்சயம் நம்பமாட்டார்.