மாற்று இதயத்தோடு நடைப்பயிற்சி: முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது?

பிசியோதெரபிஸ்ட்:

வாட்ச் கட்டியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 100 காட்டுகிறதே?” காட்டத்தான் செய்யும். கொடையாளரிடமிருந்து எடுக்கும்போதே இதயத்தின் நரம்புகள் அறுபடுகின்றன. துடிப்பை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பு இல்லாததால் ஓய்விலேயே 90 முதல் 110 வரை சகஜம். நடக்கத் தொடங்கினால் உடனே ஏறாது. ரத்தத்தில் அட்ரினலின் கூடக்கூட மெல்ல ஏறும். நின்ற பிறகும் சிறிது நேரம் ஏறிவிட்டுச் சாவகாசமாக இறங்கும். எனவே அதிகபட்சத் துடிப்பைக் கணிக்கும் ‘220 கழித்தல் வயது’ கணக்கு இங்கே செல்லாது. துடிப்பை வைத்து வாட்ச் போடும் விஓ2 மேக்ஸ் (உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன்) மதிப்பும், ‘மன அழுத்தம் அதிகம்’ எச்சரிக்கையும் அதே ரகம். அணைத்துவிடுங்கள்.

நம்ப வேண்டியது போர்க் அளவுகோலை, அதாவது சிரமத்தை நீங்களே 6 முதல் 20 வரை மதிப்பிடும் முறையை. 6 என்றால் சிரமமே இல்லை. 20 என்றால் இனி ஓர் அடிகூட முடியாது. தொடக்க மாதங்களில் 11–13 போதும். அதாவது பேச வரும், பாட வராது. முதல் 10 நிமிடம் மெதுநடை கட்டாயம். இதயம் பின்தங்கித்தான் சூடாகும். எடுத்த எடுப்பில் வேகம் பிடித்தால் கால் கடுத்து மூச்சு வாங்கும். முடிக்கும்போதும் அப்படியே, சட்டென்று நின்றால் தலை சுற்றும்.

மறுவாழ்வுப் பிரிவு செவிலியர்:

தூரத்தையும் சேர்த்துக் குறியுங்கள். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு (ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று பார்ப்பது) மருத்துவமனையில் 30 மீட்டர் தாழ்வாரம் வைத்திருப்போம். உங்கள் மொட்டைமாடி 12 மீட்டர் என்றால் திரும்புகிற தடவை கூடும், தூரம் குறையும். ஆகவே மாடிக் கணக்கை மாடிக் கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதே இடம், அதே நேரம், அதே செருப்பு. பக்கத்தில் ஒரு நாற்காலி, கூட ஓர் ஆள். மாதம் ஒரு முறை போதும். தினமும் அளப்பது வீண்.

நின்றது எதனால் என்று பக்கத்தில் எழுதுங்கள்: மூச்சா, காலா? ஆரம்பத்தில் பெரும்பாலும் கால்தான். பல மாதப் படுக்கையும் ஸ்டீராய்டும் தொடைத் தசையைக் கரைத்திருக்கும். அதற்குத் தனிக் கணக்கு: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது? இந்த எண் நடைத் தூரத்துக்கு முன்பே ஏறத் தொடங்கினால் வியப்பில்லை. மார்பெலும்பு கூடும்வரை கையை ஊன்றி எழாதீர்கள்.

பிசியோதெரபிஸ்ட்:

ஒன்று விட்டுப்போயிற்று. ஒரு வருடம் கழிந்தால் சிலருக்கு நரம்பு ஓரளவு மீண்டும் வளரும். நின்றதும் துடிப்பு முன்பைவிடச் சீக்கிரம் இறங்கும். ஆனால் ஓய்வுத் துடிப்பு திடீரென்று 50-க்குப் போனால் அதை ‘ஃபிட்னஸ்’ என்று கொண்டாடாதீர்கள், அன்றே ஈசிஜி எடுங்கள். தீவிர இடைவெளிப் பயிற்சி (சிறிது நேரம் கடும் வேகம், பிறகு மெதுவேகம் என மாற்றி மாற்றிச் செய்வது) பற்றிக் கேட்பவர்களுக்கு: ஸ்காண்டிநேவியாவில் 81 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில் அது மிதப் பயிற்சியைவிட நல்ல பலன் தந்தது. ஆனால் அது கண்காணிப்பில் நடந்தது. வீட்டில் தானாகத் தொடங்க வேண்டாம்.

மாற்று அறுவை ஒருங்கிணைப்பாளர்:

காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஸ்டீராய்டு எடை வாரக்கணக்கில் ஏறும், முகம் உப்பும். நீர் எடை ஓரிரவில் ஒரு கிலோ ஏறும். கணுக்காலை அழுத்தினால் குழி விழும். போன வாரம் ஏறிய மாடிப்படி இந்த வாரம் முடியவில்லை, எடையும் கூடியிருக்கிறது என்றால் நிராகரிப்பாக (உடல் புது இதயத்தை எதிர்த்துத் தாக்குவது) இருக்கலாம், உடனே கூப்பிடுங்கள். நரம்பு அறுபட்டதால் இதய ரத்தக் குழாயில் அடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம். வலியில்லை என்று காத்திருக்க வேண்டாம்.

நடந்து முடித்ததும் இளநீர் என்ற பழக்கத்தையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிராகரிப்பைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும், இளநீரிலும் அதுவே நிறைய. பம்ளிமாஸ் வேண்டவே வேண்டாம். அது ரத்தத்தில் இந்த மருந்தின் அளவையே ஏற்றிவிடும். வெறும் தண்ணீர் போதும், ஆனால் வெயிலில் அதைக் குறைக்காதீர்கள். உடல் வறண்டால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறும்.