இடுப்பு பிடிச்ச பிறகு மறுபடி வெயிட் பார் தூக்கினவங்க இருந்தா சொல்லுங்க

வியாசர்பாடியிலிருந்து:

நான் பவர்லிஃப்டிங் பண்றவன். மாவட்டப் போட்டிக்குத் தயாராகிட்டிருந்த சமயம். டெட்லிஃப்ட்ல, அதாவது தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்றதுல, 180 கிலோ, பார் முட்டியைத் தாண்டி வந்துடுச்சு. அந்த இடத்துல இடுப்புல சுருக்குன்னுச்சு. பாரை விட்டதும் நிமிர முடியல, உடம்பு ஒரு பக்கமா கோணிக்கிச்சு. மறுநாள் தும்மினாக்கூட உயிர் போய் உயிர் வந்துச்சு.

வீட்ல கட்டு கட்டலாம்னாங்க. தெருவுல ஒரு பெரியவர் எண்ணெய் போட்டு நீவி விடறேன்னார். ஸ்கேன் பார்த்த டாக்டர், "எல்4-எல்5ல டிஸ்க் பிதுங்கியிருக்கு, இனிமே வெயிட் பக்கமே போகாதே, படுத்து ரெஸ்ட் எடு"ன்னுட்டார். டிஸ்க்னா முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு, எல்4-எல்5 கீழ் முதுகுல இருக்கிற ரெண்டு எலும்பு. வலியைவிட அந்த வார்த்தைதான் ஆளைச் சாய்ச்சுது. படுக்கப் படுக்க இடுப்பு இறுகிப் போனதுதான் மிச்சம்.

அப்புறம் எங்க மாஸ்டர் சொல்லி ஒரு பிசியோ அக்காகிட்ட போனேன். ஸ்கேனை ஓரமா வெச்சுட்டு, கால்ல உணர்ச்சி இருக்கா, கட்டை விரலைத் தூக்க பலம் இருக்கான்னு பார்த்தாங்க. வலியே இல்லாத இருபது வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு ஸ்கேன்ல டிஸ்க் பிதுக்கம் தெரியும்னு 2015ல வந்த ஆய்வுத் தொகுப்பைச் சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரிதான் நிம்மதியா தூங்கினேன்.

முதல் பயிற்சி துடைப்பக் கட்டை. அதை முதுகுல நெட்டுக்குத்தா வெச்சு, பின்மண்டை, நடுமுதுகு, வால் எலும்பு மூணும் கட்டையை விட்டு விலகாம, பின்பக்கத்தைப் பின்னால தள்ளிக் குனியணும். எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு. அடுத்தது தண்ணிக் குடம். லாரி வர்ற நாள்ல எப்படியும் தூக்கித்தானே ஆகணும்? ஸ்டூல் மேல வெச்சு முதல்ல பாதிக் குடம், அப்புறம் முழுக் குடம், கடைசியா தரையிலிருந்து. அது வலிக்காம வந்த பிறகுதான் ஜிம்ல வெறும் பார், 20 கிலோ. அதுவும் ரேக்ல முட்டி உயரத்துல. உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, பிளேட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தாம.

அக்கா வெச்ச கணக்கு இதுதான்: தூக்கும்போது பத்துக்கு மூணு வரைக்கும் வலி இருக்கலாம். மறுநாள் காலையில முகம் கழுவக் குனியும்போது பழைய நிலைக்கு வந்திருக்கணும். வரலைன்னா அடுத்த தடவை வெயிட்டைக் குறை, ஆனா நிறுத்தாதே.

காசிமேட்டிலிருந்து:

அண்ணா, நமக்கு முட்டி. விடிகாலையில ஹார்பர்ல மீன் பெட்டி தூக்குற வேல, சாயங்காலம் ராயபுரத்துல வெயிட்லிஃப்டிங். முட்டிச் சில்லுக்குக் கீழ விரல வெச்சா ஒரே எடத்துல சுள்ளுனு இருக்கும். ரெஸ்ட் எடுன்றாங்க, கூலி யாரு குடுப்பா? எடுத்தும் பாத்தாச்சு. வலி போவும், திரும்ப ஸ்னாட்ச் (ஒரே இழுப்புல தலைக்கு மேல தூக்குறது) போட்டா அதே எடத்துல வந்து நிக்கும்.

எனக்குக் கேட்டது சுவருதான். முதுக சுவத்துல சாச்சு, சேர்ல உக்கார்ற மாதிரி அப்படியே நிக்கணும். 45 செகண்ட், அஞ்சு தபா. தொடை நடுங்கும், ஆனா எழுந்தா முட்டி வலி மட்டுப்பட்டிருக்கும். அதுக்கப்பால ஸ்குவாட், எறங்க மூணு செகண்ட், ஏற மூணு செகண்ட். குதிக்கிறது, ஜெர்க்கு (தோள்லேர்ந்து தலைக்கு மேல தள்றது) எல்லாம் கடைசில. மாசக்கணக்காவும்ணா, மனசு விட்றாத.

தண்டையார்பேட்டையிலிருந்து, பிசியோதெரபிஸ்ட்:

தம்பிகள் இருவரும் சொன்னது சரியான வழி. காசிமேட்டுத் தம்பிக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே வலிப்பது தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால்தான் தசையைவிட மெதுவாகத் தேறுகிறது. அளந்து பளு கொடுத்தால்தான் அது திரும்ப பலப்படும்.

ஒன்றை மட்டும் எல்லாரும் மனதில் வையுங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் போனாலோ, அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போனாலோ, எண்ணெய், கட்டு, பயிற்சி எதற்கும் நேரமில்லை. நடுராத்திரி ஆனாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறி அது. தள்ளிப் போட்டால் நிரந்தரமாகப் பாதிக்கும்.

போட்டிக்கு முன்னால் வலி ஊசி போட்டுக்கொண்டு மேடை ஏறும் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 2018இல் முதுகுக் காயத்தால் ஜகார்த்தா ஆசியப் போட்டியையே விட்டார். 2021இல் டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். அவரே ஒரு பெரிய போட்டியை விட்டுக்கொடுத்தார் என்றால், ஒரு மாவட்டப் போட்டியை நாம் விடக்கூடாதா?

வியாசர்பாடியிலிருந்து:

நன்றிக்கா. தம்பி, சுவர் பயிற்சியை எங்க பசங்ககிட்டயும் சொல்றேன். நான் இந்த வருஷப் போட்டிக்குப் பேர் கொடுக்கல. இப்போ தரையிலிருந்து 120 வலியில்லாம வருது, இடுப்புக்குப் பிடிமானமா கட்டுற பெல்ட் போடாம. எந்த வெயிட்லேர்ந்து நீங்க திரும்ப பெல்ட் கட்ட ஆரம்பிச்சீங்க? இதே மாதிரி டிஸ்க் பிரச்சினையிலிருந்து வந்தவங்க சொன்னா உதவியா இருக்கும்.